வாசகர் கேள்வி–பதில்: குட்டைப் பக்கத்துக்கு எத்தனை தலை?

போன இதழில், டென்னிஸ் ராக்கெட்டுக்கு வீட்டிலேயே நரம்பு போடுவது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: எவ்வளவு நீளம் வெட்டுவது, எந்தப் பக்கம் எவ்வளவு விடுவது? அதனால் இந்த முறை முழுக்க நீளக் கணக்குதான். முடிச்சு, டென்ஷன் (நரம்பின் இழுவிசை) பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிராப் வெயிட் மிஷின் (கம்பியில் மாட்டிய எடை இறங்கி நரம்பை இழுக்கும் வகை) புதிதாக வாங்கியிருக்கிறேன். தலைப் பரப்பு 100 சதுர அங்குலமுள்ள ராக்கெட், நெடுக்கு 16, குறுக்கு 19. 12 மீட்டர் நரம்புச் செட்டை ஒரே துண்டாகப் போட்டேன். குட்டைப் பக்கத்தில் எட்டாவது நெடுக்கை இழுக்கப் போனால் நுனி, நரம்பைக் கவ்வி இழுக்கும் கிரிப்பருக்கு எட்டவில்லை. நான்கு விரல் குறைந்தது. வெறுத்துப்போய் மொத்தத்தையும் வெட்டிப் பிரித்துவிட்டேன். குட்டைப் பக்கத்துக்கு எவ்வளவுதான் விட வேண்டும்?

பதில்: நான்கு விரலுக்காக வெட்டிவிட்டீர்களா! அதைக் காப்பாற்றியிருக்கலாம். ஸ்டார்டிங் கிளாம்ப் என்று கையடக்கமாக ஒரு இடுக்கி உண்டு. எட்டாத நுனியையும் பழைய நரம்புத் துண்டு ஒன்றின் நுனியையும் பக்கம் பக்கமாக வைத்து அதன் வாயில் கடிக்கவிடுங்கள். துண்டின் மறுமுனையைக் கிரிப்பரில் மாட்டி எடையை இறக்குங்கள். நரம்பு இழுபட்டதும், அது தளராமல் பிடிக்கும் மிஷினின் வழக்கமான கிளாம்பைப் போட்டுவிட்டு முடிச்சுக்குப் போகலாம். முடிச்சுப் போட ஒரு சாண் வால் மிஞ்சினாலே போதும். இந்த ஒரு வேலைக்காகவே அந்த இடுக்கி வீட்டில் இருக்க வேண்டும் என்பேன்.

இனி அளவுக்கு வருவோம். புதியவர்களுக்காக ஒரு வரி: ஒரே துண்டில் போடும்போது நரம்பின் ஒரு முனை ஒரு பாதி நெடுக்குகளை மட்டும் போட்டுவிட்டு முடிச்சோடு நின்றுவிடும். அதுதான் குட்டைப் பக்கம். மறுமுனை மீதி நெடுக்குகளையும் எல்லாக் குறுக்குகளையும் போட வேண்டும். அது நீளப் பக்கம்.

நான் தையல் வேலையிலிருந்து இதற்கு வந்தவள். எங்களுக்கு எதையும் அதனதன் உடம்பை வைத்து அளந்துதான் பழக்கம். ராக்கெட்டுக்கும் அப்படியே செய்கிறேன். நரம்பின் நுனியை ராக்கெட் தலையின் உச்சியில் வைத்து, கழுத்துப் பக்கம் நரம்பு போகும் கடைசி இடம் வரை நடுவில் நீட்டிப் பிடியுங்கள். இது ஒரு 'தலை'. 100 சதுர அங்குல ராக்கெட்டில் ஏறக்குறைய 34 செ.மீ. வரும். குட்டைப் பக்கத்தில் எத்தனை நெடுக்கோ, அத்தனை தலையும் கூட ஒரு தலையும். உங்களுக்கு எட்டு நெடுக்கு, ஆகவே ஒன்பது தலை. 3 மீட்டர் 6 செ.மீ.

அந்த ஒரு தலை எதற்கு என்று கேட்பீர்கள். நடு நெடுக்குதான் முழு 34 செ.மீ. ஓரத்துக்குப் போகப்போகக் குட்டையாகிக்கொண்டே வந்து, கடைசி நெடுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தாலே அதிகம். எட்டையும் கூட்டினால் சுமார் 2 மீட்டர் 40 வரும். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு ஃபிரேமுக்கு வெளியே திரும்பும் வளைவுகளுக்கு எல்லாம் சேர்த்து 10 செ.மீ. கடைசியில் வால். என் மிஷினில் ஃபிரேமின் வெளிவிளிம்பிலிருந்து கிரிப்பர் வரை ஒரு சாணும் நாலு விரலும். கிரிப்பருக்குள் சுற்றிப் பிடிக்க இன்னும் அரைச் சாண். ஆக 40 செ.மீ. வால். மொத்தம் 2 மீட்டர் 90. ஒன்பது தலை விட்டால் 16 செ.மீ. கையில் நிற்கும். எட்டு தலையோடு நிறுத்தினால் 2 மீட்டர் 72தான். நீங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் மிஷினில் கிரிப்பர் இன்னும் தள்ளி இருக்கலாம். ஒருமுறை சாண் வைத்துப் பார்த்துவிடுங்கள். நரம்பு நீளம் பற்றி எழுதுகிறவர்கள் ராக்கெட்டைப் பற்றியே பேசுகிறார்கள், மிஷினை மறந்துவிடுகிறார்கள்.

அளந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். நடு நெடுக்குகள் இரண்டும் சேர்ந்து திரும்புகிற வளைவில் அந்தப் புள்ளி உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் கோத்து இழுத்துச் சமன் செய்யும்போது நரம்பு நழுவி எங்கெங்கோ போகும். புள்ளி இருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

என் முதல் ராக்கெட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். புத்தம் புதுச் செட்டை இரண்டு நுனியும் சேரும்படி சரிபாதியாக மடித்து, மடிப்பை நடு வளைவில் வைத்துத் தொடங்கினேன். ஆளுக்குப் பாதி என்பது எவ்வளவு நியாயமாகத் தோன்றியது! நெடுக்கு எல்லாம் அழகாக முடிந்தது. குறுக்கில் பதின்மூன்றாவது வரை வந்தேன். அதோடு நரம்பு தீர்ந்துவிட்டது. மறுபக்கத்தில் முடிச்சுப் போட்ட இடத்திலிருந்து மூன்றரை மீட்டர் வால் தரையில் கிடந்தது. குறுக்கு போடும்போது இரண்டு தடவை அதை நானே மிதித்து இடறியிருக்கிறேன், அப்போதும் உறைக்கவில்லை.

கேள்வி: குட்டைப் பக்கத்துக்கு 'நாலரை ராக்கெட் நீளம்' என்று என் நண்பர் கணக்குச் சொல்கிறார். சரியா?

பதில்: பெரியவர்கள் ஆடும் ராக்கெட் பெரும்பாலும் 27 அங்குலம், அதாவது 68.6 செ.மீ. நாலரை மடங்கு 3 மீட்டர் 9 செ.மீ. மேலே சொன்ன ஒன்பது தலைக்குப் பக்கத்தில்தான் வருகிறது. 16 நெடுக்குள்ள 27 அங்குல ராக்கெட் என்றால் நண்பர் கணக்கு பழுதில்லை. ஆனால் அது கைப்பிடியையும் சேர்த்து அளக்கும் கணக்கு. நரம்போ தலையில் மட்டும்தான் இருக்கிறது. குழந்தைகளின் 25 அங்குல ராக்கெட்டுக்கோ, கைப்பிடி நீண்ட 28 அங்குல ராக்கெட்டுக்கோ போனால் கணக்கு வழுக்கும். 18 நெடுக்கு என்றால் பக்கத்துக்கு ஒன்பது, ஆகவே பத்துத் தலை. நாலரை ராக்கெட் அங்கே பற்றாது.

இன்னொன்று. குறுக்குகளை மேலிருந்து கீழே போடுவதுதான் நல்லது, பல ராக்கெட்டுகளில் அதுவே விதியும்கூட. சில ராக்கெட்டில் நெடுக்குகள் கழுத்துப் பக்கத்தில் போய் முடியும். அதை ஒரே துண்டில் முடிக்க, குட்டைப் பக்கமே சுற்றிப்போய் உச்சியில் ஒன்றிரண்டு குறுக்கைப் போட வேண்டி வரலாம். அப்படிப்பட்ட ராக்கெட்டானால் ஒவ்வொரு கூடுதல் குறுக்குக்கும் தலையின் அகலம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ராக்கெட்டில் நெடுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அதன் உற்பத்தியாளர் தரும் வரைபடத்தில் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. அந்த ஐந்து நிமிடம் சோம்பல் பட்டால் அப்புறம் ஒரு மணி நேரம் போகும்.

கேள்வி: வீட்டில் மூன்று பேர் ஆடுகிறோம். 200 மீட்டர் ரீல் வாங்கலாம் என்றிருக்கிறோம். ஒரு ரீலில் எத்தனை ராக்கெட் போடலாம்? 12 மீட்டர் கட்டாயமா, குறைக்க முடியுமா?

பதில்: 12 மீட்டராக வெட்டினால் 16 ராக்கெட், 8 மீட்டர் மிச்சம். 11 மீட்டராக வெட்டினால் 18 ராக்கெட், 2 மீட்டர் மிச்சம். இந்த வகுத்தல் கணக்கு எல்லோருக்கும் தெரியும். எப்போது 11-க்கு இறங்கலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

துணி தைக்கக் கொடுப்பவரிடம் நாங்கள் அளவுச் சட்டை கேட்போம். ஏற்கெனவே உடம்பில் சரியாக உட்கார்ந்த சட்டை ஒன்று கிடைத்தால் டேப்புக்கு வேலை குறைவு. ராக்கெட்டுக்கு அளவுச் சட்டை, நீங்கள் வெட்டித் தூக்கிப்போடும் மிச்சத் துண்டுகள்தான். முதல் தடவை 12 மீட்டரில் போடுங்கள். முடிச்சுப் போட்டு வெட்டிய இரண்டு துண்டுகளையும் குப்பையில் போடாமல் அளந்து, எந்தத் துண்டு எந்தப் பக்கத்தது என்று குறித்து வையுங்கள். என் நோட்டில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்:

'16 x 19, தலை 100, பாலியெஸ்டர், 12 மீ. குட்டை மிச்சம் 45. நீள மிச்சம் 175.'

கூட்டினால் 2 மீட்டர் 20. இதைப் பார்த்ததும் இரண்டு மீட்டர் குறைத்துவிடலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். இரண்டு பக்கமும் கிரிப்பரை எட்ட 40, 40 வால் வேண்டுமே! ஒவ்வொரு தடவையும் ஸ்டார்டிங் கிளாம்பில் பழைய துண்டைச் சேர்த்து இழுத்தாலொழிய, அது வீணாகப் போகிற நீளம்தான். ஆக உண்மையான உபரி 1 மீட்டர் 40. அதில் ஒரு மீட்டரைக் குறைத்து 11 மீட்டர் வெட்டுகிறேன். மீதி 40 செ.மீ. என் கைத்தவறுக்கு.

அந்த ஒரு மீட்டர் முழுக்க நீளப் பக்கத்திலிருந்துதான் குறைய வேண்டும். குட்டைப் பக்கம் அதே ஒன்பது தலை. இரண்டு பக்கமும் அரை அரை மீட்டர் குறைத்தால், முதல் கேள்வி கேட்டவருக்குப் பக்கத்தில் போய் நீங்களும் உட்கார வேண்டியதுதான்.

இப்படி ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் தனி வரி இருக்கட்டும். மூன்று பேர் ஆடும் வீட்டில் ஒரே அளவு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நெடுக்கு 18, குறுக்கு 20 என்று நெருக்கமாகப் பின்னிய ராக்கெட்டுக்கு நான் இன்றும் 12 மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை.

நீளத்தைக் குறைப்பதில் நரம்பு மிச்சமாவதைவிட எனக்குப் பிடித்த லாபம் வேறு. குறுக்கு போடுவது தறியில் ஊடை கொடுப்பது மாதிரி. ஒவ்வொரு வரிசைக்கும் மீதி நரம்பு முழுவதையும் நெடுக்குகளின் மேலும் கீழுமாக இழுத்தெடுக்க வேண்டும். முதல் குறுக்கில் ஆறேழு மீட்டர் நரம்பு உரசிக்கொண்டு வரும். வேகமாக இழுத்தால் உராய்ந்து சூடாகி நெடுக்கில் தழும்பு விழும். ஒரு மீட்டர் குறைந்தால் ஒவ்வொரு வரிசையிலும் அந்த ஒரு மீட்டர் இழுவை மிச்சம். 19 வரிசை. தோள்பட்டைக்குத் தெரியும்.

கேள்வி: ரீலில் இருந்து 12 மீட்டரைச் சரியாக அளப்பது எப்படி? டேப் வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு நீளம் வருகிறது.

பதில்: தையல் டேப் ஒன்றரை மீட்டர்தான். 12 மீட்டருக்கு எட்டுத் தடவை வைக்க வேண்டும், எட்டுத் தடவையும் விரல் நகரும். தரையில் 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஒட்டு நாடாக்களை ஒட்டிவிடுங்கள். நரம்பை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என நான்கு நடை. எங்கள் வீட்டில் அந்த நாடாக்கள் ஒட்டி எத்தனையோ நாளாகிறது, துடைப்பம் பட்டு ஓரம் கறுத்துவிட்டது, ஆனாலும் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பாலியெஸ்டர் சுருள் சுருளாக நிற்கும். சுருளை நிமிர்த்தினால் போதும், விறைக்க இழுத்து அளக்காதீர்கள். ரீலைக் கையில் சுழற்றி நரம்பை விடுங்கள். பக்கவாட்டில் உருவினால் முறுக்கு ஏறும்.

கேள்வி: ஏற்கெனவே இருந்த பழைய நரம்பை எடுத்து அளந்தால் சரியான நீளம் கிடைத்துவிடாதா?

பதில்: நல்ல யோசனைபோலத் தெரியும், ஆனால் கிடைக்காது. முதலாவது, அது இழுவையிலேயே பல நாள் இருந்து நீண்டுபோன நரம்பு. இரண்டாவது, வெட்டிப்போன வால்கள் அதில் இல்லை. எல்லாவற்றையும்விட, அளப்பதற்காக முடிச்சை மட்டும் அறுத்து நரம்பை முழுசாக உருவ நினைப்பீர்கள். அப்போது ஃபிரேமில் ஒரு பக்கம் இறுக்கமும் ஒரு பக்கம் தளர்வுமாகச் சுமை ஏறும். பழைய நரம்பை நடுவில் தொடங்கி, நெடுக்கும் குறுக்குமாக ஓரம் நோக்கிச் சீக்கிரம் வெட்டி எடுப்பதுதான் ஃபிரேமுக்கு நல்லது.

கேள்வி: நெடுக்குக்கு ஒரு வகை, குறுக்குக்கு வேறு வகை போட ஆசை. செட்டைச் சரிபாதியாக வெட்டலாமா?

பதில்: இங்கே சரிபாதி பல நேரம் பலிக்கும். ரோஜர் பெடரர் பல ஆண்டுகள் நெடுக்கில் மாட்டுக் குடலில் செய்த இயற்கை நரம்பும் குறுக்கில் பாலியெஸ்டரும் போட்டு ஆடினார். அவரைப் பார்த்து இந்தக் கலப்புக்கு வந்தவர்கள் நிறையப் பேர். 16 நெடுக்குக்கு, இரண்டு வாலும் சேர்த்து 5 மீட்டர் 80 போல ஆகும். 19 குறுக்குக்கு 5 மீட்டரும் கொஞ்சமும். ஆகவே 6, 6 என்று வெட்டினால் இரண்டும் தேறும். நெடுக்குப் பக்கம் இருபது செ.மீ.தான் கையிருப்பு, அதனால் நெடுக்குத் துண்டை மட்டும் சரிபாதியாக மடித்து, மடிப்பை நடு வளைவில் வையுங்கள். நான் முதல் ராக்கெட்டில் செய்தது இங்கே செய்திருந்தால் சரியாக இருந்திருக்கும்!

18 நெடுக்கு ராக்கெட்டானால் 6 மீட்டர் காணாது. அங்கே நெடுக்குக்கு 6.5, குறுக்குக்கு 5.5 என்று பிரியுங்கள். 200 மீட்டர் ரீலில் 16 ராக்கெட் போக 8 மீட்டர் மிஞ்சும் என்றேனே, அது இப்படி ஒரு கலப்பு ராக்கெட்டின் குறுக்குக்கு ஆகும்.

கேள்வி: நைலான் போட்டபோது நிறைய மிச்சம் வந்தது. அதே ராக்கெட்டுக்கு அதே 12 மீட்டரில் பாலியெஸ்டர் போட்டால் மிச்சம் குறைகிறது. நான் அளந்தது தப்பா?

பதில்: தப்பில்லை. நைலான் இழுவையில் நன்றாக நீளும். எடையை இறக்கும்போது கம்பி கீழே போய்க்கொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள், இரண்டு மூன்று தடவை கிரிப்பரைத் திருப்பி மறுபடி இறக்க வேண்டியிருக்கும். அப்போது நீண்டு வெளியே வந்ததெல்லாம் கடைசியில் வாலில் சேரும். பாலியெஸ்டர் அவ்வளவு கொடுக்காது. மேலே சொன்ன அதே ராக்கெட்டில் என் நோட்டில் நைலானுக்கு மிச்சம் 2 மீட்டர் 60 என்று இருக்கிறது, பாலியெஸ்டருக்கு 2 மீட்டர் 20. நைலானில் பார்த்த மிச்சத்தை நம்பிப் பாலியெஸ்டரைக் குட்டையாக வெட்டினால் கடைசிக் குறுக்கில் கையைப் பிசைய வேண்டி வரும். அதனால்தான் நோட்டில் நரம்பின் வகையையும் எழுதச் சொல்கிறேன். டென்ஷனையும் எழுதினால் இன்னும் நல்லது.

கேள்வி: 1.25 மி.மீ. தடிமன் நரம்புக்கும் 1.30 மி.மீ. நரம்புக்கும் வேறு வேறு நீளம் வெட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: கடைசி இரண்டு குறுக்குக்கு நரம்பு போதவில்லை. வேறு துண்டை முடிச்சுப் போட்டு இணைக்கலாமா? இல்லை, அந்த இரண்டையும் விட்டுவிடலாமா?

பதில்: நரம்புப் பரப்பின் நடுவில் முடிச்சு வரக் கூடாது. இழுவையில் நழுவும், நழுவாவிட்டாலும் துளைக்குள் நுழையாது. இரண்டு குறுக்கை விட்டுவிடுவதும் வேண்டாம், கழுத்துப் பக்கம் நெடுக்குகள் பிடிமானம் இல்லாமல் அங்கும் இங்கும் ஓடும்.

எவ்வளவு குறைகிறது என்று முதலில் பாருங்கள். கோத்து முடிக்க நீளம் இருந்து கிரிப்பரை எட்டுவதற்கு மட்டும் குறைந்தால், ஸ்டார்டிங் கிளாம்பில் பழைய துண்டைச் சேர்த்து இழுத்துவிடலாம். நிஜமாகவே இரண்டு குறுக்கு குறைகிறது என்றால், முடிந்த குறுக்குக்குப் பக்கத்தில் முடிச்சு தாங்குகிற அகலத் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கே முடித்துக்கொண்டு, அதே வகை நரம்பில் ஒன்றேகால் மீட்டர் துண்டை எடுத்து மீதி இரண்டையும் தனியாகப் போடலாம். கூடுதலாக இரண்டு முடிச்சு வரும். பார்க்க அழகாக இருக்காது, பந்துக்கு அது தெரியாது. நான் இரண்டு தடவை இப்படிச் செய்திருக்கிறேன், இரண்டும் எங்கள் வீட்டு ராக்கெட்டுகள். அடுத்தவர் ராக்கெட் என்றால் வெட்டிவிட்டுப் புதுசாகத்தான் போடுவேன்.

அந்த ஒன்றேகால் மீட்டர் துண்டு எங்கிருந்து வரும் என்றால், முன்பு வெட்டிய நீளப் பக்கத்து மிச்சங்களிலிருந்துதான். நோட்டில் அளந்து எழுதியபின் அவற்றையும் தூக்கிப்போடாதீர்கள். வகைக்கு ஒன்றாக ஒரு பழைய டப்பாவில் சுருட்டி வையுங்கள்.